தறி ஓடும் வீட்டில் நாசரேத்து

திருக்குடும்பத் திருநாள் பிரசங்கம்



கர்த்தர் பிறந்த திருநாள் முடிந்த கையோடு நம் தாயாகிய திருச்சபை நம்மை பெத்லெகேம் கொட்டகையிலிருந்து எழுப்பி, நாசரேத்தூர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறாள். இந்தத் திருக்குடும்பத் திருநாளைப் பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1893-ம் வருஷத்தில் அநுமதித்தார். 15-ம் ஆசீர்வாதப்பர் 1921-ல் அதை உலகத் திருச்சபை முழுமைக்கும் விரித்தார். முன்னே மூன்று இராசாக்கள் திருநாளுக்குப் பின்வரும் ஞாயிறன்று கொண்டாடினோம். 1969-ல் திருவழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டபின் கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறன்று கொண்டாடி வருகிறோம். நாள் மாறினாலும் வீடு மாறவில்லை. அதே சிறிய வீடுதான்.

எவ்வளவு சிறியது என்று கேட்பீர்கள். 2009-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், நாசரேத்து ஊரில் மங்கள வார்த்தைப் பெரிய கோயிலுக்கு அருகே மண்ணைத் தோண்டினவர்கள், சேசுநாதர் காலத்து வீடு ஒன்றின் அடிச்சுவர்களைக் கண்டதாக அறிவித்தார்கள். இரண்டு அறை, ஒரு முற்றம், மழைநீரைப் பிடித்துவைக்கப் பாறையில் குடைந்த ஒரு தொட்டி. அவ்வளவுதான். அது திருக்குடும்பத்தின் வீடு என்று யாரும் சொல்லவில்லை, நாமும் சொல்ல வேண்டாம். ஆனால் அந்த ஊரில் ஏழைக் குடும்பங்கள் எப்படிப்பட்ட இடத்தில் வாழ்ந்தார்கள் என்று அது காட்டுகிறது. பொதட்டூர்பேட்டையில் நம்முடைய வீடுகளும் ஏறக்குறைய அந்த அளவுதானே! இடம் போதவில்லை என்று முறையிடுகிறவர்கள், உலக இரட்சகர் முப்பது வருஷம் இப்படிப்பட்ட இடத்தில்தான் வளர்ந்தார் என்பதை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் நினைக்கவேண்டும். அர்ச். சூசையப்பர் தச்சுவேலை செய்தவர். அந்தக் காலத்துத் தொழிலாளிக்குப் பட்டறை வேறு, வீடு வேறு என்று பிரித்துவைக்க ஏது வசதி? உளிச் சத்தமும் வாள் அறுக்கும் சத்தமும் குழந்தை சேசுவின் காதில் விழாமல் இருந்திராது. நாசரேத்து அமைதியான வீடு என்று நாம் சொல்லும்போது, அங்கே ஓசையே இல்லை என்று அர்த்தமல்ல. சுத்தியலைக் கீழே வைக்கத் தெரிந்த தகப்பன் அங்கே இருந்தார் என்று அர்த்தம். சுவிசேஷங்கள் நான்கையும் புரட்டிப் பாருங்கள், அர்ச். சூசையப்பர் பேசினதாக ஒரு வார்த்தைகூட எழுதப்படவில்லை. சம்மனசானவர் சொன்னதைத் தூக்கத்தில் கேட்டார், எழுந்தார், செய்தார். கேட்கத் தெரிந்த மனிதர் அவர்.

இப்போது நம் தெருவுக்கு வருவோம்.

காலை பூசைக்கு வரும்போதும் சத்தம், மாலை செபமாலைக்கு மணி அடிக்கும்போதும் சத்தம். விசைத்தறி ஓடுகிறது. அதை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சத்தத்தில்தான் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சம்பளமும், கலியாணச் செலவும், இந்தக் கோயிலுக்கு விழும் காணிக்கையும் இருக்கின்றன. ஆனாலும் தறி நம் வீட்டு மனிதர்களில் ஒருவராகிவிட்டது. அதிலும் வீட்டிலேயே அதிகம் பேசுகிறவராகிவிட்டது. பெரியவர்களுக்குக் குழித்தறிக் காலம் நினைவிருக்கும். குழியில் காலை இறக்கி ஒருவர் நெய்வார். பக்கத்தில் ராட்டையில் ஒருவர் தார் சுற்றுவார். அந்த ஓசைக்கு நடுவே பேச்சும் நடக்கும், பாட்டும் நடக்கும், அருள் நிறைந்த மந்திரமும் நடக்கும். விசைத்தறியில் நிமிஷத்துக்கு நூறு தடவைக்குமேல் நாடா அடிபட்டுத் திரும்புகிறது. அங்கே பேச்சு இல்லை, கத்தல்தான் உண்டு.

பிரியமானவர்களே, இது நமக்கு மாத்திரம் வந்த சோதனை என்று எண்ணாதீர்கள். வீடும் தொழிலும் கோயிலும் ஒரே கூரையின்கீழ் இருந்த குடும்பம் ஒன்று அப்போஸ்தலர் நடபடி ஆகமத்தில் 18-ம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆக்கிலா என்பவர் புருஷன், பிரிஸ்கில்லா என்பவர் மனைவி. கிளவுதியு ராயன் யூதர்களை உரோமாபுரியிலிருந்து துரத்தினபோது பிழைப்பைத் தேடிக் கொரிந்து நகரத்துக்கு வந்தவர்கள். கூடாரம் செய்வது அவர்கள் தொழில். அர்ச். சின்னப்பருக்கும் அதே தொழில். ஆகையால் அவர்கள் வீட்டிலேயே தங்கி, அவர்களோடு வேலை செய்தார். இவர்கள் வீட்டில் விசுவாசிகள் ஜெபத்துக்குக் கூடினார்கள் என்று அவருடைய நிருபங்களில் காண்கிறோம். அப்பொல்லோ என்ற பெரிய பிரசங்கியைத் தங்களிடம் அழைத்துக்கொண்டு, வேதத்தை இன்னும் திருத்தமாக விளக்கிச் சொன்னவர்களும் இந்தக் கைவேலைக்காரத் தம்பதிகளே. யோசித்துப் பாருங்கள்: ஊசியும் தோலும் துணியும் கிடக்கிற வீட்டில் அவ்வளவு நுட்பமான பேச்சு நடக்கவேண்டுமானால், எப்போதாவது வேலையை மூட்டை கட்டி ஓரமாக வைத்திருப்பார்கள் அல்லவா?

"சாமி, அர்ச். சின்னப்பரே இராவும் பகலும் வேலை செய்தேன் என்று எழுதவில்லையா?" என்று கேட்கிற கெட்டிக்காரர்கள் நம் பங்கில் உண்டு. எழுதினார், மெய்தான். ஆனால் அவருக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. அவர் தைத்த கூடாரத்துக்குப் பக்கத்தில் தொட்டிலும் தொங்கவில்லை.

சத்தம் என்ன செய்கிறது என்பதைச் சற்று விவரமாகச் சொல்லுகிறேன், பொறுமையாய்க் கேளுங்கள். சத்தத்தை டெசிபல் என்ற அளவால் அளக்கிறார்கள். விசைத்தறிக் கூடத்தில் அது சாதாரணமாக 90-க்கு மேல் போகும். நாள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் கேட்பதற்கு 85 தான் எல்லை என்று அமெரிக்க நாட்டுத் தொழிலாளர் ஆரோக்கிய நிலையத்தார் சொல்லுகிறார்கள். அதற்குமேல் 3 டெசிபல் கூடுகிற ஒவ்வொரு தடவையும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகிறது: 88-க்கு நாலு மணி நேரம், 91-க்கு இரண்டு மணி நேரம், 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்கு வெறும் பதினைந்து நிமிஷம். நாம் எத்தனை மணி நேரம் தறிமுன் நிற்கிறோம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் உட்காதில் நத்தைக்கூடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மயிரிழை போன்ற நுண்ணிய அணுக்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. பெருஞ்சத்தம் தினந்தோறும் மோதினால் அவை சாய்ந்து மடிகின்றன. மடிந்தது மறுபடி முளைப்பதில்லை. மருந்துமில்லை, ஆப்பரேஷனுமில்லை. இதில் வஞ்சகமான காரியம் ஒன்று உண்டு. முதலில் போவது முழுக் காதுமல்ல, கீச்சென்ற மேல்ஸ்தாயி ஓசைகள் மாத்திரமே. அதனால் தறிக்காரர் தமக்குக் காது மந்தம் என்று அறியமாட்டார். பேச்சுச் சத்தம் கேட்கும், வார்த்தை விளங்காது. "ச" என்றும் "த" என்றும் "ப" என்றும் வருகிற மெல்லிய ஓசைகள் நழுவிப்போகும். மனைவி "சட்டை" என்றால் "அட்டை" என்று விழும். ஆகவே "ஏன் முணுமுணுக்கிறாய், வாயைத் திறந்து பேசு" என்று கோபிக்கிறார். அவள் குரலை உயர்த்துகிறாள். "ஏன் கத்துகிறாய்?" என்று மறுபடியும் கோபிக்கிறார். பிள்ளை பயந்து ஒதுங்குகிறது. கொஞ்ச நாளில் அந்த வீட்டுக்குச் "சண்டைக்கார வீடு" என்று தெருவில் பெயர் விழுந்துவிடுகிறது.

குருவானவரிடம் வந்து, "என் புருஷன் எப்போதும் சிடுசிடு என்கிறார், நான் சொல்லுவதைக் கேட்பதே இல்லை" என்று சொல்லுகிற தாய்மார்களே, ஒருவேளை அவர் கேட்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை, அவருக்குக் கேட்கவில்லை. பாவத்துக்குப் பாவசங்கீர்த்தனம் உண்டு. இதற்கோ ஆஸ்பத்திரியில் காதைச் சோதித்துப் பார்க்கவேண்டும். பத்து வருஷத்துக்குமேல் விசைத்தறியில் நின்றவர் எவரானாலும் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் ஒருமுறை காட்டுவது நலம். மந்தம் என்று தெரிந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டாரும் முதுகுக்குப் பின்னால் நின்று பேசாமல், முகத்துக்கு நேரே வந்து நின்று நிதானமாகப் பேசப் பழகவேண்டும். நம் கர்த்தர் செவிடனைக் குணமாக்கினபோது, கூட்டத்தை விட்டு அவனைத் தனியே அழைத்துக்கொண்டு போனதாக அர்ச். மாற்கு எழுதியிருக்கிறார். சந்தடிக்கு நடுவே அவனை நிறுத்திவைத்துப் பேசவில்லை.

காதில் கொஞ்சம் பஞ்சைச் செருகிக்கொண்டால் போதுமென்று பலர் நினைக்கிறார்கள். போதாது. பஞ்சு தடுக்கிற சத்தம் மிகவும் சொற்பம். கடற்பஞ்சுபோல் மெத்தென்று அமுங்கி உள்ளே விரிகிற காதடைப்பான்கள் சில ரூபாய்க்குக் கிடைக்கின்றன. சுத்தமான கையால் உருட்டி முழுவதும் உள்ளே போகும்படி வைத்தால் நல்ல பலன் உண்டு. தறியின் காலுக்கடியில் கெட்டியான ரப்பர் பலகை வைத்தால் தரை அதிர்வது குறையும். தேய்ந்துபோன பாகங்களை மாற்றி, எண்ணெய் போட்டு வைத்தால் வீண் சத்தம் குறையும். அது தறிக்கும் நல்லது. சுவரில் சாக்கு தொங்கவிடுவதால் அறைக்குள் எதிரொலி தணியுமே தவிர, பக்கத்து அறைக்குப் போகிற ஓசை நிற்காது. அதை நிறுத்துவது சந்து பொந்தில்லாத செங்கல் சுவரும் நன்றாகச் சாத்துகிற கதவுமே. புதிதாய் வீடு கட்டுகிறவர்களே, தறிக்கூடத்துக்கும் படுக்கை அறைக்கும் நடுவில் சமையலறையோ சாமான் அறையோ வரும்படி கொத்தனாரிடம் சொல்லுங்கள். பூசைக் கருத்துக்குப் பணம் கொடுக்கிற அதே பக்தியோடு இந்தச் சுவருக்கும் பணம் கொடுங்கள். நான் விளையாட்டாய்ச் சொல்லவில்லை.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடம், பாலத்தின்மேல் ஓடும் ரயில் பாதைக்கு அருகில் இருந்தது. ஒரே கட்டிடத்தில் ரயில் பக்கத்து வகுப்புகளும் அமைதியான பக்கத்து வகுப்புகளும் இருந்தன. 1975-ல் பிரான்ஸாஃப்ட் என்ற அம்மையார் ஒருவர் துணையோடு இருபக்கத்துப் பிள்ளைகளின் வாசிப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சத்தத்துக்குப் பக்கத்தில் படித்த பெரிய வகுப்புப் பிள்ளைகள், மற்றவர்களைவிட ஏறக்குறைய ஒரு வருஷப் படிப்பு பின்தங்கியிருந்தார்கள். பிற்பாடு தண்டவாளத்துக்கு ரப்பரும் வகுப்புக்கு ஓசை தடுக்கும் கூரையும் போட்டார்கள். 1981-ல் மறுபடி பார்த்தபோது வித்தியாசம் மறைந்திருந்தது. நம் பிள்ளை மார்க்கு வாங்கவில்லை என்று அடிக்கிறதற்குமுன், எந்த இடத்தில் உட்கார்ந்து படிக்கிறது என்று பார்க்கவேண்டாமா? பள்ளிப் பருவத்துப் பிள்ளைக்கு இரவில் ஒன்பது மணி நேரமாவது நித்திரை வேண்டும். நமக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும்.

எலியாஸ் தீர்க்கதரிசியின் சரித்திரம் நினைவிருக்கிறதா? அவர் களைத்து, மனம் உடைந்து, சாகவேண்டுமென்று கேட்டுக்கொண்டு ஒரு செடிக்கடியில் படுத்துவிட்டார். சர்வேசுரன் அவருக்கு உடனே பிரசங்கம் செய்தாரா? இல்லை. தூங்கவிட்டார். சம்மனசை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். திரும்பவும் தூங்கவிட்டார், திரும்பவும் சாப்பிடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் மலைக்கு அழைத்தார். அங்கே பெருங்காற்று அடித்தது, பூமி அதிர்ந்தது, நெருப்பு எரிந்தது. ஆண்டவர் அவைகளில் இல்லை. மெல்லிய காற்றின் ஓசையில் அவர் வந்தார். உறங்காத கண்ணுக்கும் ஓசை நிறைந்த காதுக்கும் அந்த மெல்லிய சத்தம் எப்படி எட்டும்? இராத்திரி பத்து மணிக்குமேல் தறி ஓட்டுகிற வீட்டாருக்கு நான் இதைச் சொல்லுகிறேன். கூலி குறையுமே என்பீர்கள். குறையும். மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. பாவு கொடுத்தவர் நாள் குறித்திருக்கிறார், வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார், மின்சாரம் எந்த நேரம் போகும் என்று தெரியாது. இவையெல்லாம் மெய். ஆனால் தூக்கமில்லாத கை அறுந்த நூலைக் கவனியாமல் விடுகிறது. பழுதான துணிக்குக் கூலி பிடிக்கிறார்கள். தூக்கக் கலக்கத்தில் விரலை இயந்திரத்தில் கொடுத்தவர்களும் உண்டு. அந்தக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள்.

அதோடு, சுவருக்கு அந்தப்பக்கத்தில் இருப்பவரும் சர்வேசுரனின் பிள்ளை. நம் தெருக்களில் நாம் சிலரே. அக்கம்பக்கத்தார் பெரும்பாலும் வேறு மதத்தினர். நாம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறதை அவர்கள் பார்க்கிறார்கள். சனிக்கிழமை நடுச்சாமத்தில் நம் தறியையும் கேட்கிறார்கள். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலும், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபலும்தான் எல்லை. சட்டத்தைப் பார்க்கிறவர் வருவாரோ வரமாட்டாரோ, பக்கத்து வீட்டில் பிறந்து பத்து நாளான குழந்தை கிடந்தால், பிறனை நேசி என்ற கட்டளைக்கு எல்லை டெசிபலில் போடவேண்டியதில்லை. நம் கோயில் ஒலிபெருக்கிக்கும் இதே நியாயந்தான். திருவிழாக் கமிட்டியார் கேட்டுக்கொள்ளட்டும்.

அடுத்தது காற்று. இதில் நம் தொழிலுக்கே உரிய ஒரு சங்கடம் இருக்கிறது. பருத்தி நூல் வறண்ட காற்றில் அறுந்துபோகும்; ஈரமாய், அசையாமல் நிற்கிற காற்றையே அது விரும்பும். ஆகையால் ஜன்னலைச் சாத்திவைக்கிறோம், தரையில் தண்ணீர் தெளிக்கிறோம். நூலுக்கு நல்லது. ஆனால் அதே அறையில் படுக்கிற மனிதருடைய நெஞ்சுக்கு ஓடுகிற காற்றும் வெயிலும் வேண்டும். பஞ்சுத்தூசியும் கஞ்சித்தூசியும் மிதக்கிற அடைத்த அறையில் ஆஸ்துமாக்காரர் இழுப்பு வாங்குவார். யாருக்காவது க்ஷயரோகம் இருந்தால் அந்தக் கிருமி அடைத்த அறையில்தான் வீட்டார் எல்லாருக்கும் பரவும். இரண்டு வாரத்துக்குமேல் இருமல் நீடித்தால் சளியைச் சோதித்துப் பாருங்கள். க்ஷயத்துக்கு அரசாங்கத்தில் மருந்து இலவசம். சாதாரண க்ஷயமானால் ஆறு மாதம் விடாமல் சாப்பிட்டால் குணமாகும்.

1700-ம் வருஷத்தில் இத்தாலி தேசத்து வைத்தியர் ரமாத்சினி என்பவர் தொழிலாளிகளின் வியாதிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். நோயாளியிடம் வைத்தியர் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளோடு, "நீர் என்ன தொழில் செய்கிறீர்?" என்பதையும் கேட்கவேண்டுமென்று அவர் சொல்லிக்கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "ஐயா, நான் தறிக்காரன்."

வீட்டின் ஈரமும் பூஞ்சையும் குருக்களுக்குச் சம்பந்தமில்லாத காரியம் என்று யாராவது நினைத்தால், லேவியராகமம் 14-ம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கட்டும். சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை கண்டால் வீட்டுக்காரன் ஆசாரியனிடம் வந்து சொல்லவேண்டும். ஆசாரியன் முதலில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி, பிறகு போய்ப் பார்த்து, ஏழு நாள் அடைத்துவைப்பான். கறை பரவினால் அந்தக் கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறிந்து, சுவரைச் சுரண்டி, புதுக்கல் வைத்து, புதுக்காரை பூசச் சொல்லுவான். மூவாயிரம் வருஷத்து வேதம் சுவர்ப் பூச்சைப் பற்றி இவ்வளவு பேசுகிறது! ஐப்பசி கார்த்திகை மழை ஊறின சுவரை இந்தத் தை வெயிலில் சுரண்டிச் சுண்ணாம்பு அடியுங்கள். தறிக்கூடத்தைக் காய்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள்; பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி மூக்குக்குள்தான் போகும். ஈரத் துணியால் துடையுங்கள். படுக்கையையும் பாலையும் சோற்றுப் பானையையும் தறிக்கூடத்தில் வைக்கவேண்டாம். காலையில் தறி ஓட்டுமுன் அரைமணி நேரம் எல்லாக் கதவு ஜன்னலையும் திறந்துவிடுங்கள், நூல் கோபித்துக்கொள்ளாது.

விறகடுப்பைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. வீட்டுப் புகையால் 2020-ல் மாத்திரம் உலகத்தில் ஏறக்குறைய 32 லட்சம் பேர் காலத்துக்குமுன் மாண்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. சிலிண்டர் இருந்தும் வெந்நீருக்கு விறகு எரிக்கிறவர்கள் அதைக் கூரைக்கு வெளியே எரியுங்கள். தண்ணீர்த் தொட்டியையும் டிரம்மையும் வாரம் ஒருமுறை காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசுவின் முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் காய்ந்து மாதக்கணக்கில் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். கொட்டிவிட்டால் மாத்திரம் போகாது.

சுவரையும் தறியையும் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, குடியைப் பற்றிப் பேசாமல் போனால் இந்தப் பிரசங்கம் பொய்ப் பிரசங்கமாகும். உடம்பு வலிக்கிறது, அதற்காகக் குடிக்கிறேன் என்கிறார்கள். அந்த வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் சாராயம் தருகிறது தூக்கமல்ல, மயக்கம். நடுச்சாமத்தில் அது தெளிந்து எழுப்பிவிடும். குடித்துவிட்டு வந்து மனைவியை அடிக்கிறவன் வீட்டில் அமைதி உண்டாக மனைவி பொறுமையாயிருக்கவேண்டும் என்று போதிக்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் போதிக்கமாட்டேன். அர்ச். சின்னப்பர் கொலோசேயருக்கு எழுதின நிருபத்தில், மனைவிமார் மேல் கசப்புக் காட்டவேண்டாமென்று புருஷருக்கும், பிள்ளைகளுக்குக் கோபமூட்டவேண்டாமென்று தகப்பன்மாருக்கும் புத்தி சொல்லியிருக்கிறார். அவர் காலத்தில் அது எவ்வளவு துணிச்சலான வார்த்தை! அடி வாங்குகிற தாய்மார்கள் அதை மூடி மறைப்பது புண்ணியமல்ல. 181 என்ற டெலிபோன் இலக்கம் பெண்களின் உதவிக்காகவே இருக்கிறது. குடியை விட விரும்புகிறவர் என்னிடம் இரவு எந்த நேரமும் வரலாம்.

டெலிவிஷனையும் கைப்பேசியையும் குறித்து மட்டும் சுருக்கமாய்ச் சொல்லுகிறேன். தறி நின்றதும் வீட்டில் ஒரு நிசப்தம் விழும். அது சர்வேசுரன் நமக்குத் தருகிற நிசப்தம். அதற்குப் பயந்தவர்கள்போல உடனே பெட்டியைத் திருகிவிடுகிறோம். சோறு தின்னும் நேரத்திலாவது எல்லாக் கைப்பேசிகளும் ஒரு கூடையில் கிடக்கட்டும், தகப்பனாருடையதும் சேர்த்து.

பாப்பரசர் 6-ம் சின்னப்பர் 1964-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி நாசரேத்தூருக்குத் திருயாத்திரை போனார். அங்கே நின்று அவர் செய்த பிரசங்கத்தில், இந்த வீட்டில் மூன்று பாடம் கற்கலாமென்றார்: மௌனம், குடும்ப வாழ்வு, வேலை. மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். மௌனம் மடத்துக்கு, வேலை தறிக்கூடத்துக்கு என்று பங்கு போடவில்லை. காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸும் 2015 மே மாதத்தில் நம் பொதுவீடாகிய பூமியைப் பற்றி எழுதின சுற்றுமடலில், நெருக்கடியான வீட்டில் வாழ்கிற ஏழைகள் ஒருவரையொருவர் அன்பாய்த் தாங்கும்போது அந்த நெருக்கமே உறவாக மாறிவிடுகிறதைப் புகழ்ந்து பேசுகிறார். அதே மடலில் இட நெருக்கத்தின் துன்பத்தையும் மறைக்காமல் சொல்லுகிறார்.

ஆகையால் நான் உங்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. சாயங்காலம் ஒரு கால்மணி நேரம். எட்டு மணிக்கோ எட்டரைக்கோ, உங்கள் வீட்டுக்கு ஏற்ற நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். உடனே செபமாலை தொடங்கவேண்டாம். காதுக்குள் தறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், அது அடங்கட்டும். இரண்டு நிமிஷம் சும்மா உட்காருங்கள். பிறகு கடைசிப் பிள்ளை சிலுவை அடையாளம் போட்டு ஆரம்பிக்கட்டும், மெல்லிய குரலிலேயே ஆரம்பிக்கட்டும். ஐம்பத்து மூன்று மணியும் முடியாவிட்டால் ஒரு பத்து மணி. தாத்தா பாட்டி தெலுங்கில் சொல்லிப் பழகியிருந்தால் தெலுங்கில் சொல்லட்டும். தேவமாதாவுக்கு இரண்டும் தெரியும். முடிந்தபின் அன்றைக்கு வீட்டில் யாரை யார் நோகப்பண்ணினார்களோ அவர்கள் ஒருவரையொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படுக்கைக்குப் போகட்டும். கத்திச் சொன்னதற்கும், காது கேளாததால் கோபித்ததற்கும் சேர்த்தே கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடக்கூடாது. வேலைக்கு வருகிறவர்களுக்கும் அன்று ஓய்வு கொடுக்கவேண்டும். அடிமைக்கும் எருதுக்கும்கூட ஓய்வு கொடுக்கச் சொன்ன கட்டளை அது. முதலாளிமார் சிலர் நம் பங்கிலும் இருக்கிறீர்கள். நாள் குறித்துப் பாவு கொடுக்கும்போது ஞாயிற்றுக்கிழமையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். உங்கள் கையில் இருக்கிறதைக் கூலிக்காரரிடம் போதித்துப் பயனில்லை.

மூன்று இராசாக்கள் திருநாள் தொடங்கிப் பொங்கலுக்குள் வீடு மந்திரிக்க வருகிறேன். மாலை ஐந்து மணிக்குமேல் தெருத் தெருவாக வருவேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் கொஞ்சம் உப்பும் வைத்திருந்தால் போதும். காபி, பலகாரம் வேண்டாம். முதலில் தறிக்கூடத்தில் தீர்த்தம் தெளித்து, அப்புறம் படுக்கை அறைக்கு வருவேன். நான் தெருமுனையில் வருகிறதைக் கண்டதும் தறியை நிறுத்திவையுங்கள், நாம் பேசிக்கொள்ளலாம்.

உங்கள் பங்குக் குரு